இன்ஜினியரம்மாவின் மூன்றாவது கோடு

“மூச்சை உள்ள இழுத்துப் பிடிங்க. விடாதீங்க.”

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நோயாளி அல்லர், எலும்பு டாக்டர். வெள்ளைக் கோட்டின் மூன்றாவது பொத்தான் நூலில் ஊசலாட, ஏதோ கேட்க வந்தவரை, ஊசியும் நூலுமாக நிற்கிறவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கோட்டைக் கழற்றவும் விடவில்லை. நாலு குத்து, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. பிறகு குனிந்து, டாக்டரின் நெஞ்சருகே நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். “ம், இப்ப விடலாம்.” டாக்டர் மூச்சை விட்டுவிட்டு, என்ன கேட்க வந்தோம் என்பதை மறந்து, மாடிப்படி ஏறிப் போய்விடுகிறார்.

தைத்தவருக்கு ஐம்பத்துநாலு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சீருடைக் கிடங்குக்குப் பொறுப்பாளர். கிடங்கு நிலத்தடித் தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சலவைக்கூடம், மறுபக்கம் குளிர்காற்றுக் குழாய்களின் இயந்திர அறை. இரண்டின் இரைச்சலும் சுவர் வழியே கசிந்து ஒரே முனகலாக அறையில் நிறைந்திருக்கும். புதிதாக வருபவர்களுக்கு அதில் தலை வலிக்கும். அவருக்கோ அது நின்றால்தான் வலிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சலவைக்கூடத்து ஆவி கதவிடுக்கு வழியாக வந்து, தொங்குகிற உடைகளின் கீழ்விளிம்பை மெல்ல அசைக்கும். தரை லேசாக நகரும். “கெளம்பிட்ட மாதிரியே இருக்கும்” என்பார். எங்கே கிளம்பியது என்று கேட்டால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அலமாரிகளில் அடுக்கியிருப்பது துணி மட்டும் அல்ல, அந்த ஆஸ்பத்திரியின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அதில் இருக்கிறது. வான்நீலம் நர்சுகளுக்கு. அதே வான்நீலத்தில் இடுப்புக்குக் கருநீலப் பட்டை சேர்ந்தால் தலைமை நர்ஸ். இலைப்பச்சை உதவியாளர்களுக்கு, பழுப்பு துப்புரவுப் பணியாளர்களுக்கு, அடர்பச்சை அறுவை அறைக்கு. முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களின் தோளை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு அளவு சொல்லிவிடுவார். முகம் அவருக்குச் சட்டென்று பதியாது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போதும் முதலில் பொத்தான், பிறகு கைமடிப்பு, கடைசியில்தான் மூக்கும் முழியும். யார் எதைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அவரிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: “அது இருக்கட்டும், கைமடிப்பைப் பாத்தீங்களா?”

அவருடைய மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற கூட்டத்தை நாள் முழுவதும் சமாளிக்கிறவர் என்பதால் பேச்சில் கொஞ்சம் காரம் உண்டு. “ஆஸ்பத்திரியில இருக்கிற ஆயிரம் பேரு சட்டையும் இவருக்கு அத்துப்படி. நம்ம வீட்டு ஜன்னல் திரை கிழிஞ்சு நாலு மாசமாச்சு. அதுல கோடு எதுவும் இல்ல பாருங்க, அதனால கண்ணுல படல.”

கோடு என்று மனைவி குத்திக்காட்டுவதற்குக் காரணம் ‘தூரக்கரை’.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைக்காட்சியில் ஓடிய விண்வெளித் தொடர் அது. அறுபத்திரண்டு பாகங்கள். கடைசிப் பாகத்தில் ‘வெண்கொக்கு’ என்ற கப்பல், பெயரில்லாத ஒரு நட்சத்திரத்தின் மறுபக்கம் திரும்புகிறது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. கப்பல் இன்றுவரை அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அதற்காகக் காத்திருக்கிறவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, ஒரு கிளை நூலகத்தின் மாடியறையில் கூடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இவர் முதன்முதலாகப் போனது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன். கடைசி நாற்காலியில் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தார். கப்பல் தலைவரின் வீரத்தை எல்லோரும் தொண்டை வற்றப் பேசி ஓய்ந்த பிறகு எழுந்து, “தலைவர் கோட்டுல முதல் பத்து பாகத்துக்கு ஏழு பொத்தான். அதுக்கப்புறம் ஆறு. ஏன்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு விழுந்த பெயர்தான் பொத்தான். இப்போது மனைவியைத் தவிர அங்கே இங்கே எல்லோருக்கும் அவர் பொத்தான்தான். அவருக்கு விடை அன்றைக்கே தெரியும். தலைவராக நடித்தவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது, கோட்டை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். அதை இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னார். “பாவம், அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு” என்று ஒரு முன்னுரையோடு.

கூட்டத்தில் மூன்று துறைகள், துறைக்கு ஓர் அதிகாரி. கப்பல்கள் வாத்தியாருடையவை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், ஐம்பத்தெட்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம், கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடு இருப்பவர். வெண்கொக்கின் ஜன்னல்களை எண்ணி, ஒரு ஜன்னலின் அகலத்தை ஒரு மாலுமியின் தோளை வைத்து அளந்து, கப்பலின் நீளம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று நிறுவியிருக்கிறார். எதிரிக் கப்பலான ‘இடிமுகில்’ அதைவிட நீளம் என்று யாராவது சொன்னால் நோட்டைத் திறந்துவிடுவார். பதவிகள் பல் டாக்டர் அம்மாவுடையவை. யார் யாருக்கு வணக்கம் வைக்க வேண்டும், துணைத்தலைவர் இல்லாதபோது முதல் அதிகாரி அவருடைய நாற்காலியில் உட்காரலாமா, அதற்கெல்லாம் அவரிடம் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. கூட்டத்தின் செயலாளரும் அவர்தான். உடை முழுக்கப் பொத்தானுடையது.

வாத்தியாரும் பொத்தானும் இருபத்தொரு வருஷம் இணைபிரியாத சிநேகிதர்கள். கூட்டம் முடிந்ததும் ஒரே பேருந்தில் ஏறி, வாத்தியார் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், பேசி முடித்து, எதிர்ப் பேருந்தில் திரும்பி வருவார்கள். அந்தச் சிநேகிதம் ஒரு கோட்டில் அறுந்தது.

வெண்கொக்கின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற பெண் அதிகாரி ஒருவர் தொடரில் வருவார். ரசிகர்களுக்கு அவர் இன்ஜினியரம்மா. முப்பதாவது பாகத்தில் கப்பலின் அடித்தளத்தில் காற்று கசிகிறது. கதவை மூடச் சொல்லி உத்தரவிடுகிறார். மூடியாகிவிடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று மாலுமிகள். வேறு வழி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், தலைவரே தோளைத் தட்டுகிறார். முப்பத்தொன்றாவது பாகத்தில் இன்ஜினியரம்மா வழக்கம்போல வேலை செய்கிறார், பேசுகிறார். ஆனால் அவருடைய கைமடிப்பில் மூன்று தங்கக் கோடுகளுக்குப் பதிலாக இரண்டுதான் இருக்கின்றன. எந்தப் பாத்திரமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேலிடத்தில் பதவியைக் குறைத்திருக்கிறார்கள் என்பது பல் டாக்டர் அம்மாவின் கட்சி. படப்பிடிப்பில் வேறு கோட்டை எடுத்து மாட்டிவிட்டார்கள், கவனக்குறைவு, அவ்வளவுதான் என்பது வாத்தியார் கட்சி.

பொத்தானிடம் மூன்றாவது விடை இருந்தது. பத்தொன்பது வயதில் அந்தப் பாகத்தைப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கோடு இருக்க வேண்டிய இடத்தில் கோடு அகலத்துக்கு ஒரு பட்டை, சுற்றியிருந்த துணியைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில், கண்ணில் பட்டு மறைந்தது. அப்போது அது என்னவென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்து, பழைய சீருடை ஒன்றிலிருந்து பட்டையைப் பிரித்தெடுத்த முதல் நாளில் புரிந்தது. வெயிலும் சலவையும் படாமல் உள்ளே மறைந்திருந்த துணி, வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருக்கும். அப்படியானால் அது வேறு கோட்டு இல்லை. அதே கோட்டு. மேலிடத்தில் பிரித்திருந்தால் கத்தரி வைத்துச் சுத்தமாகப் பிரித்திருப்பார்கள். அங்கே நூல் பிசிறு நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா, அறையில் தனியாக இருக்கும்போது, தானே பிய்த்திருக்கிறார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. வருஷக்கணக்கில் மனதுக்குள் வைத்து, கிடங்கின் முனகலில் கண்ணை மூடும்போதெல்லாம் அந்த அறைக்குப் போய் வந்தார். அந்த அறையில் ஒரு கட்டில் உண்டு, ஒரு வட்ட ஜன்னல் உண்டு, ஜன்னலில் மெதுவாகச் சுழல்கிற வெளிச்சம் உண்டு. கட்டிலின் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்து கைமடிப்பைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். தொடரில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

போன வருஷம் பழைய பாகங்களை யாரோ துலக்கித் தெளிவாக்கி வெளியிட்டார்கள். அந்தப் பட்டை அதில் தெரிந்தது. பொத்தான் அதைப் பெரிதாக அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, கூட்டத்துக்குக் கொண்டுபோனார். எழுந்து நின்று, இருபத்தொரு வருஷத்தில் பேசியதையெல்லாம் சேர்த்தால் எவ்வளவு வருமோ அவ்வளவையும் ஒரே மூச்சில் பேசினார். பேசி முடித்ததும் வாத்தியார் அட்டையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நிழல்யா இது. துணி அலமாரிக்குள்ளயே உக்காந்திருக்கிறவனுக்குப் பாக்கறதெல்லாம் துணியாத்தான் தெரியும்.”

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். பொத்தான் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நீ எண்ணின ஜன்னல்ல பாதி, பெயின்ட்ல வரைஞ்சது. எல்லாருக்கும் தெரியும். உன் மனசு நோகுமேன்னு யாரும் சொல்லல” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் பேச்சு இல்லை. இருவரும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைப் பல் டாக்டர் அம்மா மூலம் சொல்லிக்கொண்டார்கள். “டாக்டர், மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க அவரை.” “டாக்டர், சுவிட்ச் அவருக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க.” பல்லைப் பிடுங்குவதே இதைவிட எளிது என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மறுநாள் அறுவைக்குப் போகிறவர்களின் பட்டியல் மேலேயிருந்து கிடங்குக்கு வந்தது. நோயாளிகளுக்கான மேலங்கிகளை அளவு பார்த்து அனுப்ப வேண்டும். மூன்றாவது பெயரைப் படித்ததும் பொத்தான் தாளை மேசைமேல் வைத்தார். பெயருக்கு எதிரே ‘மிக நீளம், ஒன்று’ என்று எழுதியிருந்தது. பித்தப்பையில் கல். வீங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், சர்க்கரை வேறு கூடியிருக்கிறது என்று மாடியிலிருந்து வந்த நர்ஸ் சொன்னார். அன்று மதியம் பொத்தான் கண்ணை மூடியபோது தரை நகரவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் சட்டி கழுவிக்கொண்டே கேட்டார்.

“போய்ப் பாத்தீங்களா?”

“அக்கா கூட இருக்காங்க.”

“நான் கேட்டது அதை இல்ல.”

“அவனா என்னைக் கூப்பிட்டான்?”

“ரெண்டு பேருக்கும் சேத்து நூத்திப் பன்னெண்டு வயசு. ஒரு பொம்பளை சட்டையில கோடு இருந்துச்சா இல்லையான்னு சண்டை. அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருந்தா அவளே வந்து ரெண்டு பேரையும் சேத்து வெச்சிருப்பா.” சட்டியைக் கவிழ்த்து வைத்தார். “நாளைக்கு நீங்க போகலைன்னா நான் லீவு போட்டுட்டுப் போறேன்.”

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, மிக நீள மேலங்கிகளில் ஒன்றை எடுத்து நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இரண்டாவது நாடா தளர்ந்திருந்தது. தைத்தார். வேறொன்றை எடுத்திருக்கலாம், அலமாரியில் பதினான்கு இருந்தன. தைத்து முடித்து, மடித்து, கையில் ஏந்திக்கொண்டு நாலு மாடி ஏறினார். மின்தூக்கி இருந்தும் படியில் போனார்.

கட்டிலில் வாத்தியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கிட்டத்தில் பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொத்தான் மேலங்கியை நர்சிடம் நீட்டினார். “சிஸ்டர், நாடா பின்பக்கம் வரணும்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“சிஸ்டர், அது எனக்குத் தெரியும்னு சொல்லுங்க” என்றார் வாத்தியார்.

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல?” என்றார். மேலங்கியை வாத்தியார் மடியில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வாத்தியார் சட்டையைக் கழற்றி, கைகளை மேலங்கிக்குள் நுழைத்தார். பின்னால் எட்டி நாடாவைத் தேடினார். விரல்கள் காற்றில் அலைந்தன. பொத்தான் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்னால் போய் அந்த விரல்களை விலக்கிவிட்டு நாடாவைப் பிடித்தார். வாத்தியாரின் முதுகெலும்பு கணுக்கணுவாகத் தெரிந்தது. இவ்வளவு நீளமான முதுகா இவனுக்கு என்று தோன்றியது.

“இறுக்கமா இருக்கா?”

“இருக்கட்டும்.”

பொத்தான் மூன்று நாடாக்களையும் கட்டி முடித்தார். பிறகு வாத்தியார், முகத்தைத் திருப்பாமலே கேட்டார். “பொத்தான். உள்ள எல்லாரும் ஒரே பச்சையாமே. முகத்தையும் மூடிக்குவாங்க. யாரு பெரியவங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

அந்தக் கேள்வி எதற்கு என்று பொத்தானுக்குப் புரிந்தது. யோசித்தார். “எல்லாரும் எதையாவது எடுத்து வெச்சுக்கிட்டு, மாத்திக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் மட்டும் கையை நெஞ்சு முன்னால கோத்துக்கிட்டு சும்மா நிப்பாரு. அவருதான்.”

“சும்மா நிப்பாரா?”

“ஆமா. அவரைப் பாத்துட்டேன்னா போதும். அப்புறம் கண்ணை மூடிக்கோ.”

வாத்தியார் தலையாட்டினார். சக்கரக் கட்டில் வந்தது.

அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. பொத்தான் கிடங்குக்குத் திரும்பி, அடுக்கிய துணியைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். மதியம் இரண்டரைக்கு வாத்தியாரை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. மேலே போனபோது அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “நீ கொஞ்சம் இருப்பா. நான் வீடு வரைக்கும் போய்க் குளிச்சிட்டு ஓடி வந்துர்றேன்” என்றார்.

வெளிர்மஞ்சள் திரை வழியாக வெயில் வடிகட்டி வந்து கட்டில்மேல் கிடந்தது. மருந்துப் பை சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வார்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போயிருந்தார்கள். எங்கோ ஒரு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுத் தூரத்தில் தேய்ந்தது. வாத்தியாரின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது, பஞ்சை நனைத்து ஒற்றலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பொத்தான் ஒற்றினார்.

வாத்தியார் கண்ணைத் திறக்காமல் பேச ஆரம்பித்தார். முதலில் கப்பல்களின் பெயர்கள். வெண்கொக்கு, இடிமுகில், சருகு. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, பதில் வரக் காத்திருந்து, அடுத்ததற்குப் போனார்.

“எல்லாம் வந்தாச்சு. தூங்கு” என்றார் பொத்தான்.

“கதவைச் சாத்திட்டாங்க.”

“எந்தக் கதவை?”

“மூணு பேரு உள்ள. அந்தப் பொண்ணு ரூமுக்குப் போயிருச்சு. யாரும் இல்ல அங்க. கட்டில்ல உக்காந்து... கைமடிப்பை...” வலது கை போர்வையின்மேல் எதையோ பிய்ப்பதுபோல அசைந்தது. “நகம் பேந்து போச்சு.”

பொத்தானின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. தான் மட்டும் போய்வந்துகொண்டிருந்த அறை அது.

“நான் பாத்தேன், பொத்தான்” என்றார் வாத்தியார். குரல் எங்கிருந்தோ வந்தது. “அட்டையைக் கையில வாங்கினதும் பாத்துட்டேன். நிழல் இல்ல. நீ சொன்னதுதான். முப்பத்தஞ்சு வருஷமா நூறு தடவ பாத்திருக்கேன், எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சுது. அதான். அந்த எரிச்சல்தான். வேற ஒண்ணும் இல்ல.” உதடு மீண்டும் கப்பல்களுக்குத் திரும்பியது. சருகு என்றார். இரண்டாவது முறை சருகு என்று சொல்லும்போதே தூங்கிப்போனார்.

இந்த வார்த்தைகளைப் பொத்தான் ஒன்பது மாதமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். குளிக்கும்போது, பேருந்தில், ஊசியில் நூல் கோக்கும்போது. அவர் மனதில் ஓடிய காட்சியில் வாத்தியார் நூலக மாடியறையின் நடுவே எழுந்து நிற்பார், அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும், சிரித்த நாலைந்து பேர் தலைகுனிவார்கள். இங்கே அதைச் சொன்னவரின் கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கேட்டவர் ஒருவர்தான். பொத்தான் எச்சிலைத் துடைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். வெற்றி என்றால் இப்படியா இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை, முன்பின் பழக்கமில்லை.

மறுநாள் போனபோது வாத்தியார் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கரண்டியால் கிளறிவிட்டு, “நேத்து ஏதாவது ஒளறினேனா?” என்று கேட்டார்.

“கப்பல் பேரா சொல்லிக்கிட்டு இருந்த.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

வாத்தியார் அவர் முகத்தையே பார்த்தார். பொத்தான் வழக்கம்போலப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த டாக்டரின் கைமடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்கு மூச்சு வந்தது. ஒரு வாய் கஞ்சி குடித்தார். தெம்பும் வந்தது. “என்ன சொன்னாலும் அது நிழல்தான்யா” என்றார்.

“சரி, குடி.”

வீட்டில் மனைவி கேட்டபோது, “நல்லா இருக்கான், சண்டை போடறான்” என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரையைத் தைத்தார்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது சனிக்கிழமை வந்தது. வாத்தியார் வந்தே தீருவேன் என்றார். பொத்தான் அவர் வீட்டுக்குப் போய் அழைத்துக்கொண்டு, பேருந்தில் குலுங்காத இருக்கையாகப் பார்த்து உட்கார வைத்து, நூலகத்து மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டுவந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்த பல் டாக்டர் அம்மா, “எனக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார். வாத்தியார் தும்மினாலோ சிரித்தாலோ தையல் இழுக்கிறது என்பதால் மடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து, இடது கையால் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கூட்டத்தின் இருபத்திரண்டு வருஷ ஆராய்ச்சியையும் தொகுத்து ஒரு கையேடு அச்சாகப் போகிறது. கப்பல்களின் பக்கம் தயார், பதவிகளின் பக்கம் தயார். உடைகளின் பக்கத்தில் இன்ஜினியரம்மாவின் மூன்றாவது கோட்டுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.

“இனிமே விவாதம் கிடையாது” என்றார் பல் டாக்டர் அம்மா. “பதினோரு பேர் இருக்கோம். கை தூக்குங்க. எதுக்கு அதிகம் வருதோ அது கையேட்டுல போகும். முதலிடத்துல சமமா வந்துச்சுன்னா ‘முடிவாகவில்லை’ன்னு போட்டுட்டு அச்சுக்கு அனுப்பிடுவேன்.”

மேலிடத்தில் பதவி குறைத்தார்கள் என்பதற்கு மூன்று கைகள். அவற்றில் ஒன்று பல் டாக்டர் அம்மாவுடையது. அடுத்து, இன்ஜினியரம்மா தானே பிய்த்தார் என்பதற்கு நாலு. பொத்தான் தன் கையை உயர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போன வருஷம் அட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேரும் கை தூக்கியிருந்தார்கள். அவர் காது மடல் சிவந்தது.

“மூணாவது. படப்பிடிப்புல நடந்த தவறு.”

ஜன்னலோரத்தில் இரண்டு கைகள் உயர்ந்தன, கதவருகே ஒன்று. பல் டாக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வாத்தியார் இடது கையால் தலையணையை அழுத்திக்கொண்டு வலது கையைத் தூக்கினார். தோள்வரை வந்தது. அதற்கு மேல் விலாவுக்குக் கீழே தையல் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். விரல்கள் காதுக்குப் பக்கத்தில் நடுங்கி நின்றன. முன்வரிசையில் இருந்தவரின் தலை மறைத்ததால் மேசையிலிருந்து அது தெரிவதாக இல்லை.

“ஒண்ணு, ரெண்டு... மூணு” என்றார் பல் டாக்டர் அம்மா. பேனாவைத் திறந்தார்.

“டாக்டர், ஒரு நிமிஷம்” என்றார் பொத்தான். பக்கவாட்டில் திரும்பி, தன் உள்ளங்கையை வாத்தியாரின் முழங்கைக்கு அடியில் கொடுத்து, தையல் இழுக்காதபடி மெல்ல மெல்ல மேலே உயர்த்தினார். அந்த நீளமான கை, முன்வரிசைத் தலைகளைத் தாண்டி எழும்பியது.

பல் டாக்டர் அம்மா இரண்டு பேரையும் பார்த்தார். “அது யாரோட கை?”

“அவனோடது. நான் புடிச்சிருக்கேன், அவ்வளவுதான்.”

வாத்தியார் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். பொத்தான் பார்வையை மேசைப் பக்கமே வைத்திருந்தார். அந்த அம்மா முதலிலிருந்து மறுபடி எண்ணி, நாலுக்கு நாலு என்று எழுதி, பேனாவை மூடும்வரை முழங்கைக்கு அடியில் கொடுத்த கையை அவர் எடுக்கவில்லை.